ஈரத் தாளும் சொந்த மண்ணும்: எமில் நோல்டேயின் நீர்வர்ணங்களை முன்வைத்து

நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதுவதற்கு எமது சஞ்சிகைச் சூழலில் ஒருவர் சற்றே கூச்சப்பட வேண்டியிருக்கிறது. எமது அட்டைப்படங்களில் முள்வேலி இருக்கும், வாய் பிளந்த முகம் இருக்கும், தலை முறிந்த பனை இருக்கும். வானமும் வயலும் மட்டுமே கொண்ட ஒரு படத்தை எவராவது அனுப்பினால், "வடிவாக இருக்கிறது, ஆனால் இதில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விதான் திரும்பி வரும். நீர்வர்ணம் என்றால் இன்னும் மோசம். ஓய்வூதியம் எடுத்த ஜேர்மன் சீமாட்டிகள் மாலைநேர வகுப்புகளில் செய்யும் பொழுதுபோக்கு அது என்பதே எம்மில் பலரது அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்துக்கு அடியில் நிலக்காட்சி அரசியலற்றது என்றொரு நம்பிக்கை கிடக்கிறது. அந்த நம்பிக்கையோடுதான் எனக்குப் பிணக்கு.

ஆங்கில நீர்வர்ண நிலக்காட்சியின் தந்தை என்று பின்னாளில் அழைக்கப்பட்ட போல் சான்ட்பி, 1745 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ஸ்கொட்லாந்து மலைநாட்டை அளந்த இராணுவ நிலஅளவையில் வரைஞராக வேலை பார்த்தவர். மலையை வடிவாக வரைந்த கையும், மலைக்குள் படை போகும் பாதையை வரைந்த கையும் ஒன்றுதான். எமது தீவுக்கும் இக்கலை காலனித்துவ நிர்வாகத்தின் பெட்டியோடுதான் வந்து இறங்கியது. பெல்பாஸ்ற்காரரான அன்ட்ரூ நிக்கொல் 1846 இல் கொழும்பு அக்கடமிக்கு நிலக்காட்சி வரைதலைக் கற்பிக்க வந்தார். 1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் தொடக்கிய ஓவியர் கழகம்கூட, முன்னாள் கலைப் பிரதம பரிசோதகர் வின்சரின் பெயரைத்தான் தாங்கியது. இவற்றைக் குற்றப்பத்திரிகையாக நான் அடுக்கவில்லை. ஒரு தூரிகை எங்கெங்கே போய் வந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அதைக் கையில் எடுப்பது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் நீர்வர்ணம் பழகியது ஜேர்மனியின் வட எல்லையில், டென்மார்க்கை அண்டிய கடலோரச் சதுப்பு நிலத்தில். இந்த இடத்தை நான் தெரிவு செய்யவில்லை. தஞ்சம் கோருவோரை மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்குமாகப் பங்கிட்டு அனுப்பும் முறை என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. விண்ணப்பம் முடிவாகும்வரை தனக்கு ஒதுக்கப்பட்ட நிர்வாக எல்லையை ஒருவர் அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்று 1982 இன் தஞ்ச நடைமுறைச் சட்டம் விதித்திருந்தது. பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் சிநேகிதனைப் பார்க்க ஒரு துண்டுக் கடதாசி வேண்டும். (2015 இல் இந்த விதி தளர்த்தப்பட்டது, முற்றாக ஒழிக்கப்படவில்லை.) ஓவியர்கள் 'உள்ளூர்' என்று சொல்லும்போது ஒரு மனநிலையைச் சொல்கிறார்கள். எனக்கு அது வரைபடத்தில் கோடு கீறப்பட்ட ஒரு சட்டப் பிரதேசம். அந்தக் கோட்டுக்குள் எத்தனை வாய்க்கால், எத்தனை ஆட்டுப்பட்டி, எந்தக் கடலணையின்மேல் நின்றால் கார்த்திகை மாதச் சூரியன் எங்கே விழும் என்பதெல்லாம், அங்கே பிறந்து ஹம்பேர்க்கிற்கு வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிலத்தை இவ்வளவு கவனமாகப் பார்க்கும்படி வேறு எவரையும் எந்த அரசும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டாது.

அந்தப் பகுதியில் நீர்வர்ணம் பழகும் எவரும் எமில் நோல்டேயைத் தவிர்க்க முடியாது. வகுப்பில் ஆசிரியை முதலில் அவருடைய வானங்களைத்தான் காட்டுவார். ஆனால் அவரிடம் வருமுன்னர், இந்தத் தொழிலின் சில சங்கதிகளைச் சொல்லிவிட வேண்டும். அவை விளங்காவிட்டால் நான் பின்னர் சொல்லப்போவது வெறும் கருத்தாகப் போய்விடும்.

நீர்வர்ணத்தில் வெளிச்சம் என்பது தாள்தான். வெள்ளைக் குழாய் கடையில் விற்கிறது என்றாலும், பழகுபவர் அதைப் பெட்டியில் வைத்திருக்க நல்ல ஆசிரியர் விடுவதில்லை. தைலவர்ணத்தில் இருட்டைப் பூசிவிட்டு அதன்மேல் வெளிச்சத்தை வைக்கலாம், மனம் மாறினால் அதன்மேல் வேறொன்றை வைக்கலாம். இங்கே எதைத் தொடாமல் விடப்போகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். ஆகவே பார்ப்பது முந்துகிறது, தூரிகை பிந்துகிறது. அடுத்தது ஈரம். தாளை நனைத்து அந்த ஈரத்தின்மேலேயே வர்ணத்தை விடும் முறையில் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. தாள் பளபளவென்று நீர் நிற்கும் நிலையில் இருந்தால் வர்ணம் தறிகெட்டு ஓடும். அந்தப் பளபளப்பு மங்கிப் பட்டுத்துணிபோல ஆகும் சில நிமிடங்களில் வைத்தால், கரை மென்மையாகப் பரவி ஓரிடத்தில் நிற்கும். முகில் வருவது அப்போதுதான். அதற்கும் பிந்தி, காயத்தொடங்கிய தாளில் ஒரு துளி நீர் கூடுதலாக விழுந்தால், ஏற்கெனவே இருந்த வர்ணத்தை அது ஓரமாகத் தள்ளிக் கோவாப்பூப்போல ஒரு கறையை விட்டுவிடும். வர்ணங்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. அல்ட்ராமரைன் நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கி மணல்மணலாகத் தெரியும். தாலோ நீலமோ தாளையே சாயமேற்றிவிடும், பிறகு கழுவி எடுப்பது கடினம். சதுப்பு நிலத்து மழைவானத்துக்கு அல்ட்ராமரைனோடு சுட்ட சியென்னா மண்ணைக் கலந்து வரும் சாம்பல்தான் பொருந்தும். கடையில் வாங்கும் சாம்பலில் அந்த ஈரம் இல்லை.

இந்த முறை காலநிலையோடு கட்டுண்டது. வடகடலிலிருந்து வரும் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் தாள் ஆறுதலாகக் காய்கிறது. யாழ்ப்பாணத்து வைகாசி வெயிலில், தாளின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தூரிகை போவதற்கிடையில் முதற்கரை காய்ந்துவிடும். எமது பாடசாலைச் சித்திரக் கல்வி பென்சிற் கோட்டில் தொடங்கி, கோட்டுக்குள் நிறம் நிரப்பி, மீண்டும் கோட்டால் முடிவதற்குப் பரீட்சை மட்டும் காரணமல்ல, அந்த வெயிலும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. அங்கே பொருட்களுக்கு உண்மையாகவே கரை உண்டு. பனை வானத்தில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். இங்கே எதற்கும் கரை இல்லை. கடல் எங்கே முடிந்து சேறு எங்கே தொடங்குகிறது என்பதைக் கடலே ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றிக்கொண்டிருக்கும். கோட்டில் பழகிய கை முதலில் கரையைத் தேடும், அது கிடைக்காமற் தடுமாறும்.

கரையில்லாத அந்த நிலத்துக்கு ஒரு மொழியைக் கண்டுபிடித்தவர் நோல்டே. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1908 இல் யேனாவுக்கு அண்மையிலுள்ள கொஸ்பெடாவில், கடுங்குளிரில் வெளியே நின்று வரைந்தபோது வர்ணநீர் தாளிலேயே உறைந்து பளிங்குக் கீற்றுகளாக நின்றது. அதை அழிக்காமல் விட்டார். இயற்கையும் தன்னோடு சேர்ந்து வரையட்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்கிறது. பின்னர் நீரை உறிஞ்சும் யப்பானியத் தாளை எடுத்தார். அந்தத் தாளில் வர்ணம் மேலே நிற்பதில்லை, துணியில் சாயம் இறங்குவதுபோல உள்ளே போய்விடும். அவருடைய சதுப்பு நிலப் படங்களில் தொடுவானம் தாளின் அடிப்பகுதிக்கு இறங்கிவிட, ஊதாவும் செம்மஞ்சளுமாக வானம் மிச்ச இடம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஒரு தோட்டவீடு கருநீலத் திட்டாக ஒடுங்கிக் கிடக்கிறது. அச்சில் பார்ப்பதற்கும் ஸேபுல்லில் அவர் வீட்டில் நேரே பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நேரே பார்க்கையில் தாளின் நாரே தெரியும். அந்தச் செம்மஞ்சள் எவ்வளவு துணிவோடு ஒரே தடவையில் விடப்பட்டிருக்கிறது என்பது, அதைச் செய்து பார்த்துப் பலமுறை பழுதாக்கிய எவருக்கும் விளங்கும்.

இனிக் கதையின் மற்றப் பக்கம். அவருடைய இயற்பெயர் ஹான்ஸ் எமில் ஹான்சன். 1867 இல் நோல்டே என்ற கிராமத்தில் பிறந்து, 1902 இல் அந்தக் கிராமத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் வழக்கம் எமக்குப் புதிதல்ல. நீர்வை பொன்னையனிலிருந்து எத்தனையோ பேரைச் சொல்லலாம். ஆனால் நோல்டே விஷயத்தில் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. 1920 இன் குடியொப்பத்தின் பின் எல்லை தெற்கே நகர, அந்தக் கிராமம் டென்மார்க்குக்குப் போனது. 'ஜேர்மன் மண்ணின் ஓவியர்' என்று தன்னைக் கருதிய மனிதர் 1956 இல் இறக்கும்வரை டென்மார்க் குடிமகனாகவே இருந்தார். எல்லைக்குத் தெற்கே, தன் ஊரைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, 1927 அளவில் ஸேபுல்லில் வீடு கட்டத் தொடங்கினார். ஊரையும் எல்லையையும் பற்றி இவ்வளவு அறிந்த ஒருவர் எல்லைகளைச் சந்தேகிப்பவராக மாறியிருக்கலாம். அவர் மாறவில்லை. 1933 இல் சக ஓவியர் மக்ஸ் பெக்ஸ்ரைனை யூதர் என்று அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்க முனைந்தார். அது உண்மைகூட அல்ல. 1934 இல் வட ஷ்லெஸ்விக் நாசி அமைப்பில் சேர்ந்தார். 1937 இல் ஜேர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் 'சீரழிந்த கலை' என்று பறிமுதல் செய்யப்பட்டன. வேறெந்த ஓவியருக்கும் அவ்வளவு நடக்கவில்லை. அப்போதும் அவர் செய்தது, தான் ஜேர்மன் கலையின்மீதான அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்தவன் என்று 1938 இல் கொயபல்சுக்குக் கடிதம் எழுதியதுதான்.

1941 இல் அவருக்குத் தொழிற்தடை வந்தது. போருக்குப் பின்னர் இது வரையவே கூடாதென்ற தடையாகவும், அவருடைய சிறிய நீர்வர்ணங்கள் பொலீசுக்கு ஒளித்து வரையப்பட்ட 'வரையப்படாத படங்களாகவும்' கதையாக்கப்பட்டன. சிக்பிரீட் லென்ஸின் 'ஜேர்மன் பாடவேளை' நாவல் 1968 இல் வெளிவந்து அந்தக் கதையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. எமது வகுப்பிலும் அந்தக் கதைதான் சொல்லப்பட்டது. 2019 இல் பெர்லின் ஹம்பேர்கர் பான்ஹோவ் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி, ஆவணங்களை விரித்து வைத்து அக்கதையைக் கலைத்துவிட்டது. அங்கெலா மேர்க்கெலின் அலுவலகச் சுவரில் தொங்கிய நோல்டே ஓவியங்களும் அவ்வேளையில் இறங்கின.

இதன்பின் இரண்டு சுலபமான நிலைப்பாடுகள் மட்டுமே கேட்கக் கிடைக்கின்றன. ஒன்று, அவரைத் தூக்கியெறி என்பது. மற்றது, மனிதர் கெட்டவர், வர்ணம் நல்லது என்பது. இரண்டாவது எனக்கு மேலும் எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் அது படத்தைப் பார்ப்பதையே தட்டிக்கழிக்கிறது. படத்தைப் பார்ப்போம். அந்தச் சதுப்பு நிலம் இயற்கையானதல்ல. அதன் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாக அணை கட்டி, வாய்க்கால் வெட்டிக் கடலிடமிருந்து மீட்கப்பட்ட மண். அங்கே நேர்கோடு என்று இருப்பதெல்லாம் கூலியாட்களின் மண்வெட்டி போட்ட கோடு. நோல்டேயின் நீர்வர்ண நிலக்காட்சிகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் கோடுகள் ஈரத்தில் கரைந்துபோய்விடுகின்றன. வெட்டியவரும் இல்லை, வெட்டியதும் இல்லை. ஆதியிலிருந்தே இப்படிக் கிடந்ததுபோல ஒரு மண், அதன்மேல் தீப்பிடித்த வானம், நடுவே மண்ணிலிருந்து முளைத்ததுபோல ஒரு வீடு. அந்த வீட்டுக்கு வெளியே இருந்து எவரும் வந்திருக்க முடியாது, ஏனெனில் வருவதற்குப் பாதையே வரையப்படவில்லை. இது வர்ணத்தின் குற்றமல்ல. ஈரத்தை எங்கே நிறுத்துவது, கோட்டை எங்கே விடுவது என்பது ஒவ்வொரு தாளிலும் ஓவியர் எடுக்கும் தீர்மானம்.

1914 இல் அவர் ஜேர்மன் காலனித்துவ அலுவலகத்தின் பயணக்குழுவொன்றோடு நியூகினியில் இருந்தபோது, அங்குள்ள மக்களின் தலைகளையும் இதே வேகத்தோடு நீர்வர்ணத்தில் வரைந்தார். காலனியம் அம்மக்களை அழிப்பதாக அவர் வருந்தியதுமுண்டு. அவர் அனுதாபியாகவே அங்கு நின்றார். ஆனால் அந்த அனுதாபத்தின் தர்க்கம் என்ன? ஒவ்வொரு இனத்துக்கும் அதனதன் மண், கலந்தால் கெடும் என்பது. ஸேபுல்லின் ஆளில்லா வானமும் நியூகினியின் 'ஆதிமனிதர்' முகங்களும் ஒரே எண்ணத்தின் இரு பக்கங்கள். இந்தத் தர்க்கத்தில் எங்கேயும் இடமில்லாதவர் ஒருவர் உண்டு. தன் மண்ணில் இல்லாதவர்.

அந்தத் தர்க்கம் நோல்டேயோடு செத்துப்போகவில்லை. எமது வகுப்பின் முடிவில் ஒரு சிறு கண்காட்சி நடக்கும். ஒருமுறை ஏற்பாட்டாளர்கள் மிகுந்த அன்போடு என்னிடம், "உங்கள் நாட்டுக் காட்சி ஒன்றைத் தாருங்கள், பன்முகமாக இருக்கும்" என்றார்கள். மற்ற எல்லோரும் அணையையும் ஆடுகளையும் வைக்க, நான் தென்னையை வைக்க வேண்டும். நான் கொடுத்தது மழைக்குமுன் ஒரு வாய்க்கால். அதைத் தொங்கவிட்டார்கள், ஆனால் பெயர்ச்சீட்டில் என் பெயருக்குக் கீழே 'இலங்கை' என்று மறக்காமல் எழுதியிருந்தார்கள். மற்றவர்களின் பெயருக்குக் கீழே எந்த ஊரும் இல்லை.

இதைக் கண்டு எமது வாசகர்கள் சிரிப்பதற்கு முன்னர், எமது மண்டபச் சுவர்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றுகூடல்களில் வைக்கப்படும் எமது ஓவியங்களில், முப்பது நாற்பது வருடங்களாக இங்கு வாழ்பவர்கள் வரைந்தவற்றில், இங்குள்ள ஒரு மரத்தைக் கண்டிருக்கிறீர்களா? பனைதான் நிற்கிறது. அதுவும் பார்த்து வரைந்த பனை அல்ல. கலண்டரிலிருந்தும் பிற பனை ஓவியங்களிலிருந்தும் வந்த பனை. அதன் நிழல் எந்த மணித்தியாலத்து நிழல் என்று கேட்டால் பதில் இல்லை, ஏனெனில் அங்கே வெளிச்சமே இல்லை. நிலத்தை இழந்தவர் அதன் படத்தைப் பிடித்து வைத்திருப்பதை நான் ஏளனம் செய்யவில்லை. நோல்டேயின் குற்றத்தோடு அதை ஒரே தராசில் வைக்கவும் இல்லை. ஆனால் படம் எப்போது அடையாள வில்லையாக மாறுகிறது என்று கேட்கத்தான் வேண்டும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கம்போடியர்களும் அதைத் தமது தேசிய மரமென்றுதான் சொல்கிறார்கள். மரத்துக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் கிடையாது. எமது பனைப் படங்களிலும் ஆட்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் அந்தப் பனைகள் ஊர்ப் பனைகள்தாம். கள் இறக்கியவரும் அதில் இல்லை, அவரைக் கிணற்றில் அள்ள விடாதவரும் இல்லை. வெறும் மரமும் சிவந்த வானமும். ஆளை அகற்றிவிட்டு மண்ணை மட்டும் நேசிப்பதற்கு நிலக்காட்சி வெகு வசதியான வடிவம். வடகடலோரத்திலும் சரி, வடமராட்சியிலும் சரி.

வேறு வகையாகவும் ஒருவர் நிலத்தை வரையலாம் என்பதற்கு குர்ட் ஷ்விற்றர்ஸ் சாட்சி. அவர் வரைந்தவை பெரும்பாலும் தைலவர்ணம்தான், ஆயினும் இவ்விடத்தில் பொருந்தும். ஹனோவர்காரரான அவரும் 1937 இன் 'சீரழிந்த கலை' பட்டியலில் இருந்தவர். அவ்வருடமே நோர்வேக்கு ஓடினார், 1940 இல் அங்கிருந்தும் ஓடி பிரிட்டனை அடைந்தார். அங்கே 'எதிரிநாட்டவர்' என்று மான் தீவின் முகாமில் அடைக்கப்பட்டார். 1945 இல் ஆம்பிள்சைட் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போய், சீவியத்துக்காக ஊர்க்காட்சிகளையும் ஊரவரின் முகங்களையும் வரைந்து விற்றார். ஒட்டுச்சித்திரங்களால் புகழ்பெற்ற நவீனத்துவவாதி இப்படி வரைந்ததை விமர்சகர்கள் நெடுங்காலம் வயிற்றுப்பிழைப்பு என்று ஒதுக்கினார்கள். 2013 இல் லண்டன் ரேற் பிரிட்டனில் அவரது பிரித்தானிய காலப் படைப்புகளுக்கென நடந்த கண்காட்சியில் அவை ஒட்டுச்சித்திரங்களோடு சேர்த்து வைக்கப்பட்டன. அந்த மலைகளில் சொந்தம் கொண்டாடும் தொனி இல்லை. இன்றைக்கு இங்கே நிற்கிறேன், இந்தக் கல்வீட்டின் சுவர் இந்த நேரத்தில் இந்த நிறம், அவ்வளவுதான். பிரித்தானியப் பிரஜாவுரிமைக் கடிதம் அவர் கைக்கு வந்தது 1948 ஜனவரியில், இறப்பதற்கு முதல்நாள்.

நண்பரொருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "இது உள்வாங்கப்படுதலின் அழகியல், நீ அவர்களுடைய வானத்தை அவர்களுக்கே அலங்கரித்துக் கொடுக்கிறாய்" என்றார். அவருடைய எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் 'அவர்களுடைய வானம்' என்ற சொற்சேர்க்கையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதைத்தான் கண்காட்சி ஏற்பாட்டாளர்களும் சொன்னார்கள், அன்போடு. நோல்டேயும் சொன்னார், அன்பில்லாமல்.

நோல்டேயின் ஈரத்தை நான் கைவிடவில்லை. அந்த நிலத்து வானத்துக்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. வானத்தை அவர் வழியிலேயே ஒரே மூச்சில் விட்டுவிட்டு, தாள் முழுதாகக் காயும்வரை காத்திருக்கிறேன். மழைநாட்களில் அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். பிறகு ஏறக்குறைய நீரே இல்லாத தூரிகையால், சுட்ட சியென்னாவில் கொஞ்சம் கருமையைக் கலந்து, வாய்க்கால்களை ஒவ்வொன்றாக இழுக்கிறேன். வெட்டப்பட்ட கரை, மதகு, கம்பிவேலி, அணைக்கு ஏறும் கொங்கிறீற் பாதை. அந்தப் பாதையில் பஸ் தரிப்பிடமொன்று உண்டு. முன்பு அதற்கு அப்பால் போக எனக்குத் துண்டுக் கடதாசி வேண்டியிருந்தது. அதையும் ஒரு சிறிய செங்குத்துக் கோடாக வைக்கிறேன்.